பிகே-சிம்: ஒரு கட்டம், மூன்று வேலை

மருந்து உடலுக்குள் எங்கே, எவ்வளவு போகிறது என்று கணக்கிடும் மென்பொருள் பிகே-சிம். "பிகே-சிம் இலவசம்தானே, இதை வைத்தே மாடல் கட்டிவிடலாமா?" இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று உடனே சொல்ல விடாமல் தடுப்பது ஒரே ஒரு கட்டம்தான். மருந்தின் விவரங்களை நிரப்பும் பக்கத்தில் லிப்போஃபிலிசிட்டி (கொழுப்பில் கரையும் தன்மை) என்று இருக்குமே, அது.

மற்றவை தெரிந்த சங்கதிகள். பேயர் நிறுவனத்துக்குள் வளர்ந்தது, 2017-இல் திறந்த மூலமாக வெளிவந்தது, விண்டோஸில் ஓடும். ஒவ்வொரு உறுப்பையும் பிளாஸ்மா, இரத்த அணுக்கள், செல்லிடை நீர், செல்லின் உட்புறம் என்று நான்காகப் பிரித்துக் கணக்குப் போடும்.

அந்தக் கட்டம் உண்மையில் கேட்பது செல் சவ்வில் மருந்து எவ்வளவு ஒட்டும் என்பதை. கையில் இருப்பதோ பெரும்பாலும் ஆக்டனால்-நீர் லாக்பி, அதாவது மருந்து ஆக்டனாலிலும் நீரிலும் எந்த விகிதத்தில் பிரிகிறது என்பதன் மடக்கை (லாக்). சரி, கிட்டத்தட்ட அதுதானே என்று போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு எண் மூன்று இடங்களுக்குப் போகிறது: திசுக்களில் மருந்து எவ்வளவு தங்கும், செல்லுக்குள் எவ்வளவு வேகமாக நுழையும், குடல் சுவரை எவ்வளவு வேகமாகக் கடக்கும். பரவல் கொள்ளளவு (மருந்து இரத்தத்தை விட்டு உடலில் எவ்வளவு பரவுகிறது என்பதன் அளவு) கொஞ்சம் குறைவாக வருகிறதே என்று 0.5 கூட்டினால், ஊடுருவல் மடக்கை அளவில் ஏறுவதால், குடல் உறிஞ்சலின் வேகம் சுமார் மூன்று மடங்காகிவிடும். ஊசி மருந்துக்கு மாடல் வரையும் இரத்த அளவுக் கோட்டைச் சரிசெய்யப் போய் மாத்திரையின் கோடு கெடும். எச்சரிக்கை எதுவும் வராது.

எனவே வரிசை முக்கியம். முதலில் நரம்பு வழி ஊசித் தரவு மட்டும். அதில் லிப்போஃபிலிசிட்டியையும் கல்லீரல் வெளியேற்றத்தையும் மட்டும் தளர்த்தி (மாறவிட்டு), அளந்த தரவோடு பொருத்த வேண்டும். திசுப் பங்கீட்டுக்கு உள்ள ஐந்து முறைகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவற்றில் பிகே-சிம் ஸ்டாண்டர்ட் முறை பிகேஏ-வை (மருந்தின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) கண்டுகொள்ளாது. ப்ரோப்ரனலால் போன்ற வலுவான காரத்துக்கு ரோட்ஜர்ஸ்-ரோலண்ட் முறை பொருத்தமானது, செல் சவ்வில் உள்ள அமிலப் பாஸ்போலிப்பிடுகளோடு (ஒரு வகைக் கொழுப்பு) ஒட்டுவதை அது கணக்கில் எடுக்கிறது. பொருந்தியதும் இரண்டு எண்களையும் பூட்டிவிட வேண்டும். அடுத்து வாய்வழிக் கரைசல்: குடல் ஊடுருவலை மட்டும் கையால் மாற்றலாம். கடைசியாக மாத்திரை: அது கரையும் வேகத்தை விவரிக்கும் வெய்புல் சமன்பாட்டின் இரண்டு அளவுருக்கள், வேறெதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்திப் பொருத்தினால் கோடு அழகாக வரும், எண்கள் பொய்யாக இருக்கும்.

எப்படிப் பொய் என்பதற்கு மிடசோலம் என்ற மயக்க மருந்து நல்ல சாட்சி. வாய்வழி கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு அளவே இரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. உறிஞ்சல் நன்றாகவே நடக்கிறது. குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 நொதி மீதியைத் தின்றுவிடுகிறது. குடல் ஊடுருவலைக் குறைத்தாலும் கோட்டின் கீழ்ப்பரப்பு அதே அளவுக்குக் குறையும், பார்த்தால் சரிபோலவே இருக்கும். இதைப் பிடிக்க கிரேப்ஃப்ரூட் சாறு போதும். அது குடல் நொதியை மட்டும் முடக்கும். வாய்வழி அளவு ஏறும், ஊசி அளவு அசையாது. ஊடுருவலைக் குறைத்துச் சரிக்கட்டிய தவறான மாடலால் அந்த ஏற்றத்தைக் காட்ட முடியாது.

கோபத்தை ஆற்றும் ஒரு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. முன்னங்கைச் சிரையில் எடுத்த இரத்தத்துக்கென்று பிகே-சிம் தனிக் கோடு தருகிறது. ஊசி போட்ட முதல் சில நிமிடங்களில் இதயத்துக்குத் திரும்பும் சிரை இரத்தமும் கைச் சிரை இரத்தமும் ஒன்றல்ல. உச்சம் பொருந்தவில்லை என்று நாள்கணக்காக அளவுருக்களை உருட்டுகிறவர்களில் பலர், ஒப்பிட வேண்டிய கோட்டையே மாற்றி எடுத்திருப்பார்கள். புறச் சிரைப் பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுத்தால் அதுவாகவே படியும்.

ஹாலஜன் திருத்தமும் அப்படித்தான்: ஊடுருவலைக் கணக்கிடும்போது மூலக்கூறு எடையில் செய்யும் கழிவு அது. ஃப்ளூரினுக்கு 17, குளோரினுக்கு 22, புரோமினுக்கு 62, அயோடினுக்கு 98 என்று மூலக்கூறு எடையிலிருந்து கழிக்கிறது. அந்த அணுக்கள் எடை கூடுதல், இடம் குறைவு. மிடசோலத்தில் ஒரு குளோரின், ஒரு ஃப்ளூரின்: 325.8 என்பது 286.8 ஆகும். அணுக்களின் எண்ணிக்கையை நிரப்பாமல் விட்டால் ஊடுருவல் குறைவாக வரும், பிறகு அதை ஈடுகட்ட மறுபடி அந்தப் பாழாய்ப்போன கட்டத்தையே திருகத் தோன்றும்.

நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களை மேலோட்டமாக வடிகட்டுவது மட்டும்தான் வேலை என்றால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் எச்டிடிகே தொகுப்பு போதும், ஆர் மொழியில் சில வரிகள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், ஊசித் தரவு கையில் இல்லாமல் வெறும் மாத்திரைத் தரவோடு வருகிறவருக்கு என் பதில்: வேண்டாம். அந்த ஒற்றைக் கட்டத்தை மூன்றாகப் பிரிக்காதவரை வேண்டாம்.