ஃபேரிங் வண்டியை சர்வீஸுக்கு விடுபவர்கள் கவனத்துக்கு

கோவையில் ஒரு சர்வீஸ் சென்டர். பெயர் போடவில்லை. போட்டால் கமெண்டில் பிராண்டு சண்டைதான் நடக்கும், விஷயம் போய்ச் சேராது.

என் பைக் முழு ஃபேரிங், அதாவது இன்ஜினை மறைத்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பேனல் மூடியிருக்கும் வண்டி. இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் திரவத்தை மாற்ற வேண்டுமென்றாலே இரண்டு பக்க பேனலையும் கழற்றியாக வேண்டும். சாயங்காலம் எடுக்கப் போனால் வாட்டர் வாஷ் அடித்து, பாலிஷ் போட்டு, டயருக்குக் கறுப்பு தடவி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பில்லில் ஃபேரிங் கழற்றி மாட்டியதற்குத் தனிக் கூலி, அதற்குக் கீழே 'கன்ஸ்யூமபிள்ஸ்' (வேலையில் செலவாகும் சில்லறைச் சாமான்கள்) என்று இன்னொரு தொகை.

ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேலம் கிளம்பினேன். அவினாசி தாண்டி எண்பதைத் தொட்டதும் இடது முழங்கால் பக்கம் டர்ர்ர் என்று சத்தம். பெருந்துறைக்கு முன்னால் ஹாரனும் இண்டிகேட்டரும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. பக்கத்தில் கண்ணில் பட்ட சின்ன ஒர்க் ஷாப்பில் நிறுத்தினேன். அங்கிருந்த அண்ணன் பேனலைக் கையால் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, "என்னுங் தம்பி, இது மாட்டியிருக்குதா, தொங்குதா?" என்றார்.

இடது பேனலில் மேலே வரவேண்டியது கழுத்து வைத்த ஆறு எம்எம் போல்ட். அந்தக் கழுத்து ரப்பருக்கு நடுவே போய் பிராக்கெட்டில் முட்டி நின்றுவிடும். அதனால் எவ்வளவு முறுக்கினாலும் பிளாஸ்டிக் நசுங்காது, அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் இருந்தது, கார்பென்டர்கள் ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ. ஒன்றரை இஞ்ச் நீளம், ஊசி முனை. முனை பிராக்கெட்டைத் தாண்டிப் பின்னால் ஓடும் ஒயர் கட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. இன்சுலேஷன் அறுந்து செம்பு பளிச்சென்று தெரிந்தது. ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கிறது. ஒயருக்குப் பதில் கூலண்ட் ஹோஸைக் குத்தியிருந்தால் நெடுஞ்சாலையில் கொதிக்கிற தண்ணீர் என் காலிலும் பின் டயரிலும் விழுந்திருக்கும்.

மீதியும் அந்த லட்சணம்தான். முன்பக்க லாக்கை, அது போகிற திசையில் நகர்த்திக் கழற்றாமல், பிடித்து இழுத்து உடைத்திருக்கிறார்கள். உடைந்ததை ஃபெவிக்விக்கில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே ரப்பர் புஷ் இல்லை, அதற்குப் பதில் டபுள் சைடு டேப். பிளாஸ்டிக் கிளிப்பின் நடு முள்ளை உள்ளே ஒரு அமுக்கு அமுக்கினால் கிளிப் தானாக வெளியே வரும். மாட்டும்போது முள்ளை வெளியே தள்ளிவிட்டு, கிளிப்பைச் செருகி, மட்டமாக அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இவர்கள் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பியதில் கிளிப் போய், அந்த ஓட்டையில் ஒரு கேபிள் டை தொங்கியது. கன்ஸ்யூமபிள்ஸ் என்று காசு வாங்கியது இதற்குத்தான் போல.

அண்ணன் ஒயரைச் சரிசெய்து, ஃபியூஸ் மாற்றி, தன்னிடம் இருந்த போல்ட்டுகளை வைத்து மாட்டிக் கொடுத்தார். எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே நாலு மரை ஏற்றிவிட்டு, ஓட்டைகள் நேராக வந்த பிறகுதான் அலன் கீயை எடுத்தார். "கழறாம இருக்க லாக்டைட் போட்டுரலாமா?" என்று, மரையில் தடவும் பசையைப் பற்றிக் கேட்டேன். "ஐயோ வேண்டாங், அது பிளாஸ்டிக்ல பட்டா வெடிச்சுப்போயிருமுங்" என்றார். இந்த மாதிரி பேனல் செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு அது ஆகாது என்பது உண்மைதான்.

திங்கட்கிழமை சர்வீஸ் சென்டர் போனேன். அட்வைசர் நிதானமாகச் சொன்னார்: "ரஃப்பா ஓட்டுனா லூஸாகுமுங் சார்." ரஃப்பாக ஓட்டினால் கழுத்து போல்ட் ஜிப்சம் ஸ்க்ரூவாக மாறிவிடுமா என்று கேட்டேன். பதில் இல்லை. கழற்றிய சாமான்களைக் கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், பெருந்துறையில் எடுத்த போட்டோவும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார்.

இனி சர்வீஸுக்கு விடுமுன் ஒவ்வொரு போல்ட் தலையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேனலில் உடைசல் இல்லை என்று ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். எடுக்கும்போது பாலிஷைப் பார்த்து மயங்காமல் பேனல் ஓரம் முழுக்க உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புங்கள். நிறுத்திய இடத்திலேயே ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றினால் லூஸாக இருக்கும் பேனல் பெரும்பாலும் அங்கேயே கத்திவிடும். போல்ட் மாறியிருந்தால் அங்கேயே கழற்றி மாட்டச் சொல்லுங்கள், 'நாளைக்கு வாங்க' என்பதை ஏற்காதீர்கள்.

புது பேனலும் போல்ட் செட்டும் இலவசமாகத் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். ஒயரிங் செலவு மட்டும் முடியாதாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. இரண்டு வருடத்துக்குள் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. ஜிப்சம் ஸ்க்ரூவைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.