கிடாரோடு தனியாளாகப் பாடுகிறவர் எந்த ஸ்பீக்கர் பெட்டியை வாங்கலாம்?

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய் "பாட்டுக்கு ஒரு போர்ட்டபிள் செட் வேணும்" என்று கேட்டால் முதலில் காதில் விழுவது வாட்ஸ் கணக்குதான். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல்; "லேசா கூடியிருக்கோ" என்று யோசிக்க வைக்கிற அளவு. அந்தக் கணக்கைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். ஒரு கிடார், ஒரு குரல், தூக்க வேறு ஆளில்லை என்கிறவர் பார்க்க வேண்டியது மூன்று: பாடுகிற இடத்தில் கரண்ட் உண்டா, கிடார் வயர் எந்த ஓட்டையில் போகிறது, பெட்டி நமக்கு முன்னால் நிற்கிறதா பின்னாலா.

முதலில் வாடகை மைக் செட். கிராமத்துத் திருவிழா, ஆயிரம் பேர் கூட்டம் என்றால் வேறு பேச்சே வேண்டாம், அதுதான் சரி. ஜெனரேட்டரிலிருந்து மைக் ஸ்டாண்டு வரை அவர்கள் பாடு. ஆனால் விரல் நுனியில் வாசிக்கிற கிடாருக்கு அது ஒத்துவராது. "அண்ணே, எக்கோவைக் கொஞ்சம் குறைங்கண்ணே" என்றால், "எக்கோ இல்லாட்டி எடுபடாது தம்பி" என்று பதில் வரும். குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கும். பாட்டின் கடைசிச் சொல் மூன்று முறை திரும்பி வந்து அடுத்த வரியின் மேல் ஏறி உட்காரும். நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். அந்த மேடைகளுக்கு இழுத்துப் பாடுகிற பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது அகூஸ்டிக் ஆம்ப், அதாவது கிடாருக்கென்றே செய்த ஒலிபெருக்கிப் பெட்டி. ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி சார்ஜ் நல்ல உதாரணம்: 60 வாட்ஸ், உள்ளேயே பேட்டரி, கிடாருக்கு ஒரு சேனல், மைக்குக்கு ஒரு சேனல், எடை 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதன் பெருமை கிடார் சத்தத்தில்தான் இருக்கிறது. நம்மில் பலரிடம் இருக்கும் எலக்ட்ரோ அகூஸ்டிக் கிடார்களில் பாலத்துக்கு (தந்திகள் உட்காருகிற கட்டை) அடியில் இருப்பது பீசோ பிக்கப்; தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது அதுதான். உள்ளே ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கித் தருவது) இல்லாத பீசோவைச் சாதாரண மிக்ஸரின் லைன் இன்புட்டில் செருகினால் அடிச்சத்தம் செத்துப்போய் தகரம் தட்டுகிற மாதிரி கேட்கும். இன்புட்டின் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டுகிற மின்தடை, குறைவாக இருப்பதுதான் காரணம். பிக்கப் பழுது என்று நினைத்துக் கிடாரையே மாற்றியவர்களும் உண்டு. அகூஸ்டிக் ஆம்பில் இந்தத் தொல்லை கிடையாது. குறை என்னவென்றால், இதை ஸ்டாண்டில் ஏற்ற வழியில்லை. தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் முழங்கால்தான் பாட்டுக் கேட்கும். இருபது முப்பது பேர் உட்காருகிற காபிக் கடைக்கு, ஒரு ஸ்டூல் மேல் வைத்தால் போதும். அதைத் தாண்டினால் சிரமம்.

என் ஓட்டு பேட்டரிப் பெட்டிக்கு, அதாவது பேட்டரியோடு வருகிற சின்ன ஸ்பீக்கருக்கு. போஸ் எஸ்1 ப்ரோ பிளஸ், ஜேபிஎல் இயான் ஒன் காம்பேக்ட் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. போஸ் ஆறரைக் கிலோ, ஜேபிஎல் 8 கிலோ. கம்பெனிக் கணக்கில் முன்னது 11 மணி நேரம், பின்னது 12 மணி நேரம் ஓடும். முழுச் சத்தத்தில் அவ்வளவு வராது, ஆனாலும் ஒரு சாயங்காலத்துக்கு எதேஷ்டம். இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றலாம். போஸில் கிடாருக்கு, மைக்குக்கு என்று டோன் முன்கூட்டியே பதிந்திருக்கிறது; பொத்தானைத் தட்டினால் குரல் உடனே கேட்கிற மாதிரி ஆகிவிடும். மிக்ஸிங் தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். ஜேபிஎல்லில் நான்கு சேனல், பீசோவுக்கென்றே ஹை இம்பீடன்ஸ் ஓட்டை, கண்டன்ஸர் மைக்குக்கு பேண்டம் பவர் (அந்த ரக மைக்குக்கு வேண்டிய கரண்டை மைக் வயர் வழியாகவே தருவது), அடிச்சத்தத்துக்குப் பெரிய 8 அங்குல வூஃபர். வீணையோ புல்லாங்குழலோ கண்டன்ஸர் மைக்கில் வாசிப்பவருக்கு இந்த பேண்டம் பவர் ரொம்ப முக்கியம். பழைய எஸ்1 ப்ரோவை யாராவது விலை குறைத்துத் தந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பேண்டம் கிடையாது. அழகர்கோவில் ரோட்டுத் தோப்பில் ஒரு பிறந்தநாள், மறுநாள் யாரோ வீட்டு மொட்டைமாடி என்று அலைகிறவன் நான். நடுவில் ஒரு நண்பன் கஹோனோடு (உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டித் தாளம்) வந்து சேர்ந்துகொள்வான். அதனால் எனக்கு ஜேபிஎல்.

தூண் மாதிரி நிற்கிற காலம் (column) ஸ்பீக்கரைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. இந்த ரகத்தை 2003-இல் எல்1 என்ற பெயரில் பிரபலமாக்கியது போஸ். இப்போதைய எல்1 ப்ரோ8 பக்கவாட்டில் 180 டிகிரிக்குச் சத்தத்தைப் பரப்பும். பாடகர் அதற்கு முன்னால் நின்றே பாடலாம், தன் குரலைத் தானே கேட்கத் தனி மானிட்டர் பெட்டி வேண்டாம். சாதாரணப் பெட்டியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் விழும். தூண் ரகத்தில் கிட்டத்து வரிசைகளில் இந்த வீழ்ச்சி குறைவு. மேலும் கீழும் சத்தம் அதிகம் சிதறாததால், டைல்ஸும் உயர்ந்த கூரையுமாக எதிரொலிக்கிற நம் கல்யாண மண்டபங்களில் வார்த்தை தெளிவாகக் கேட்கும். ஆனால் ப்ரோ8-இல் பேட்டரி இல்லை. ஜேபிஎல்லின் தூண் ரகமான இயான் ஒன் எம்கே2-இல் உண்டு, 6 மணி நேரம் என்கிறார்கள். இரண்டுமே எடையில் பேட்டரிப் பெட்டியைப் போல் இரு மடங்குக்கு மேல். ஷேர் ஆட்டோவில் கிடாரையும் அதையும் ஏற்றிப் பாருங்கள், புரியும். கார் இருந்து, மாதம் முழுக்க ரிசப்ஷன் கச்சேரி பிடிக்கிறவருக்கு மட்டும் இது.

எந்தப் பெட்டியானாலும் மைக்கைப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினால் மைக் 'கூ' என்று கத்துகிற கூவல் பாதி குறையும். தூணுக்கு முன்னால் நிற்பவர் வாயை மைக்கோடு ஒட்டிப் பாட வேண்டும். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்துப் பாட போலீஸ் அனுமதி தேவை. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை அங்கே ஒலிபெருக்கிக்குத் தடை.

செகண்ட் ஹாண்டில் வாங்குவதானால் பேட்டரிதான் ஆபத்து. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்து கிடந்து லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேய்ந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சொந்தக் கிடாரையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு, முக்கால் சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.