டைகோ: பழைய ஆட்டம் போதுமா, புதியதும் வாங்கணுமா?

எங்கள் பக்கம் நிண்டெண்டோவின் ‘ஸ்விட்ச்’ என்கிற வீடியோ கேம் கருவி வந்து சேர்வது பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில்தான். நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. பெரிய ஊர்க் கடைகளில் கிடைப்பதும் இறக்குமதிச் சரக்குதான். அதனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்துகொண்டு ஒரு கேம் வாங்குவது, கடையில் எடுத்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கிற வேலை அல்ல. வருகிற சித்தப்பாவிடம் ஒரே ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டும். அந்தப் பெயர் தப்பாகப் போனால் அடுத்த கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த விடுமுறைக்கு வீட்டுப் பிள்ளைகள் கேட்பது பாட்டுக்கேற்ப மேளம் அடிக்கிற ஆட்டமான ‘டைகோ நோ தட்சுஜின்: ரிதம் ஃபெஸ்டிவல்’. ஏற்கெனவே ‘டைகோ நோ தட்சுஜின்: ட்ரம் அன் ஃபன்’ இருக்கிறது. இரண்டும் ஒரே தொடர், ஒரே மேளம். அப்புறம் எதற்கு இன்னொன்று என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஆள் வரும்போது மட்டும் கேமை வெளியே எடுப்பவர்களுக்குப் பழையதே போதும். வீட்டில் ஒருவராவது தினமும் தனியாக உட்கார்ந்து தட்டுகிறார், கஷ்டமான பாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார் என்றால் புதியது வாங்கலாம். கம்ப்யூட்டர் இருக்கிறது, காசு போட மனமில்லை என்றால் ‘ஒசு’ என்கிற இலவசக் கம்ப்யூட்டர் தாள ஆட்டம் மூன்றாவது வழியாக உண்டு.

தெரியாதவர்களுக்கு: நாம்கோ நிறுவனத்தின் இந்த டைகோ தொடர் 2001-இல் ஜப்பானின் ஆர்க்கேடுகளில், அதாவது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில், தொடங்கியது. திரையில் வலமிருந்து இடமாகச் சிவப்பு, நீல வட்டங்கள் ஓடிவரும். சிவப்புக்கு மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும், அது ‘டோன்’. நீலத்துக்கு விளிம்பில் தட்ட வேண்டும், அது ‘கா’. பெரிய வட்டம் வந்தால் இரண்டு கையும் சேர்த்து. அவ்வளவுதான் விதி. எளிது, நடுத்தரம், கடினம், எக்ஸ்ட்ரீம் என்று நான்கு நிலை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்று முதல் பத்து வரை நட்சத்திரம். எளிது நிலையை அப்பத்தாகூட அடித்துவிடலாம். எக்ஸ்ட்ரீமில் பத்து நட்சத்திரம் என்றால் பார்க்கிறவனுக்கே மூச்சு வாங்கும்.

‘ட்ரம் அன் ஃபன்’ 2018-இல் வந்தது. எழுபதுக்கு மேல் பாட்டு. ஆனால் அதன் உயிர் பாட்டில் இல்லை, ஏராளமான குட்டி விளையாட்டுகளில் இருக்கிறது. நான்கு பேர் வரை ஒன்றாக ஆடலாம். ஒவ்வொன்றும் சட்டென்று முடிந்துவிடும், தாளம் தவறுகிறவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கலாம், உடனே அடுத்தவர் கையில் கொடுக்கலாம். பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ பங்காளிகள் எல்லாம் கூடுகிற வீட்டில் இதுதான் வேண்டும். பட்டாலை என்கிற கூடத்தில் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் மட்டும் மூன்று நிமிடப் பாட்டை அடித்துக்கொண்டிருந்தால் மற்ற ஒன்பதும் என்ன செய்யும்?

2022 செப்டம்பரில் வந்த ‘ரிதம் ஃபெஸ்டிவல்’ அந்தக் குட்டி விளையாட்டுகளைத் தூக்கிவிட்டது. எனக்கு இன்னும் இதில் கோபம்தான். அதற்குப் பதிலாக இரண்டு பெரிய முறைகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, இருவர் பொம்மைகளை ஏவி மோதிக்கொள்ளும் மேளச் சண்டை. இன்னொன்று, நால்வர் ஆளுக்கொரு வாத்தியம் எடுத்து வாசிக்கும் டோன்-சான் பேண்ட். இரண்டுமே மோசமில்லை. ஆனால் சண்டையில் எந்தப் பொம்மைக்கு என்ன சக்தி என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மதிய விருந்துக்கு வந்து சாயங்காலம் கிளம்புகிற அத்தை மகனுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதற்குள் அவன் செல்போனை எடுத்துவிடுவான். போதாக்குறைக்கு ஆரம்பத்தில் ஒரு கதை வேறு, அதைத் தாண்டி வர வேண்டும்.

சரி, புதியது எதில் ஜெயிக்கிறது? பயிற்சியில். தடுமாறிய இடத்தை மட்டும் எடுத்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப அடித்துப் பழக விடும் வசதி அதில் இருக்கிறது. பழைய ஆட்டத்தில் பாட்டின் கடைசி இருபது நொடியில் சறுக்கினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். கற்றுக்கொள்கிறவனுக்கு அது சித்திரவதை. கஷ்டமான துண்டைத் தனியாக வெட்டி விளம்ப காலத்தில் அடித்து, கை படிந்த பிறகு வேகம் ஏற்றுவதுதான் எந்த வாத்தியத்துக்கும் பாடம். கடினத்திலிருந்து எக்ஸ்ட்ரீமுக்கு ஏற ஆசைப்படுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுக்கலாம்.

பாட்டுக் கணக்கு கொஞ்சம் ஏமாற்று வேலை. பெட்டிக்குள் வருவது 76 பாட்டு. பழையதோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்நூறுக்கு மேல் என்று விளம்பரத்தில் வருவது மியூசிக் பாஸ் என்கிற சந்தாவுக்குள் இருக்கிறது. சந்தா இருக்கிறவரை பாட்டு இருக்கும், முடிந்ததும் பூட்டிக்கொள்ளும். வருடம் முழுக்கக் கட்டுவது வீண். கோடை விடுமுறையில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்தால் பிள்ளைகள் ஆசை தீர அடித்துவிடுவார்கள், பள்ளி திறக்கும்போது நிறுத்திவிடலாம். பாட்டுகள் பெரும்பாலும் ஜப்பானியப் பாப், அனிமே, வீடியோ கேம் இசை, அப்புறம் மேற்கத்திய செவ்வியல். பெட்டியோடு வருவதில் தமிழ்ப் பாட்டு எதுவும் கிடையாது, இரண்டிலுமே. அனிமே பார்க்கிற தலைமுறைக்கு அது குறையாகவே தெரியவில்லை.

எதை வைத்து அடிப்பது என்பதும் விலையில் சேரும். ஸ்விட்சோடு வரும் கைப்பிடிகளான ஜாய்-கானை இரண்டு கையிலும் பிடித்து வீசி அடிக்கலாம். விளையாட்டுக்கு ஜோர், ஆனால் நடு அடிக்கும் விளிம்பு அடிக்கும் வித்தியாசத்தை அது அடிக்கடி குழப்பிக்கொள்ளும். பட்டனில் அடித்தால் துல்லியம், ஆனால் மேளம் அடிக்கிற சுகம் போய்விடும். ஹோரி நிறுவனம் ஸ்விட்சுக்கென்று மேளமும் குச்சியும் விற்கிறது, ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் யூஎஸ்பி கம்பியைச் செருகினால் வேலை செய்யும். பழைய ஆட்டம் இருக்கிறவர்கள் புது ஆட்டத்தை வாங்குவதற்கு முன்னால் இந்த மேளத்தை வாங்கலாம் என்பேன், ஆட்டமே புதிதாகத் தெரியும். பெட்டியில் இடம் அடைக்கும் என்று சித்தப்பா முணுமுணுப்பார், கண்டுகொள்ள வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான தரையில் வைத்து அடித்தால் அது நகர்ந்துகொண்டே போகும். அடியில் ஒரு பாயை விரித்துவிட்டால் சரியாகிவிடும், சத்தமும் குறையும். இரண்டாம் கட்டில் ஆயா மதியம் கண்ணசரும் நேரத்தில் ‘டோக் டோக்’ என்று கேட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் வராத ஒரு தலைவலி. நம் பழைய வீடுகளின் வளவும் (முற்றத்தைச் சுற்றிய தூண் வைத்த பகுதி) பட்டாலையும் இந்த மாதிரி ஆட்டத்துக்கு எதிரி. காரணம் எளிது. நம் ஊர் வெயிலில் ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 350 மீட்டர் போகும். அதாவது 7 மீட்டர் தாண்ட 20 மில்லி செகண்ட். ஆட்டத்தின் கடினமான நிலைகளில் ‘நன்று’ என்ற மதிப்பெண் கிடைக்க, சரியான நேரத்துக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 25 மில்லி செகண்ட்தான் சலுகை. டிவி ஒரு மூலையில், நீங்கள் தூண் பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தால், காதை நம்பி அடிக்கிறபோது அந்தச் சலுகையில் பெரும்பகுதியைத் தூரமே தின்றுவிடும். அதோடு எதிரொலி. கண்ணாடி போல் வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கல் தரை, உயரக் கூரை, திரைச்சீலை எதுவும் இல்லை. அடித்த தாளம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அடுத்த அடியோடு கலக்கும். வேகமான பாட்டில் எது நிஜ அடி, எது எதிரொலி என்று காதுக்குப் பிடிபடாது.

எனவே டிவிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அல்லது கம்பி வைத்த இயர்போனைக் காதில் போடுங்கள். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். ஸ்விட்சில் 2021 முதல் ப்ளூடூத் ஒலி வருகிறது, ஆனால் அதன் தாமதம் வளவின் தூரத்தைவிட மோசம். டிவியில் கேம் மோடு போட மறக்காதீர்கள். படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் ஒலியின் தாமதத்தை விஞ்சிவிடும். இதையெல்லாம் செய்தபின் ஆட்டத்துக்குள் இருக்கும் நேரத் திருத்த அமைப்பில் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். ‘பழைய ஆட்டம் சரியில்லை, புதியது வாங்கித் தா’ என்று பிள்ளை அழுதால் முதலில் இவற்றைப் பாருங்கள். புதியதை வாங்கி அதே மூலையில் வைத்தால் அதுவும் அப்படித்தான் அடிக்கும்.

மிருதங்கம் கற்கிற பிள்ளைக்கு இது உதவுமா என்று கேட்பவர்களும் உண்டு. மிருதங்க வித்வான் காரைக்குடி மணி பிறந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? என் கருத்து, பெரிதாக உதவாது, கெடுக்கவும் செய்யாது. டைகோவில் அடுத்த அடி எப்போது என்பதைக் கண்தான் சொல்கிறது. மிருதங்கத்தில் கணக்கு மனசுக்குள் ஓட வேண்டும், திரை கிடையாது. ஆட்டத்தின் பாட்டுகளும் பெரும்பாலும் நாலு நாலாகப் போகிறவை. கண்ட நடை ஐந்தும் மிஸ்ர நடை ஏழும் அதிகம் தேட வேண்டாம். கை சளைக்காமல் இருக்கப் பழகும், இரண்டு கையும் சமமாக வேலை செய்யும், அவ்வளவே.

‘ஒசு’ பக்கம் வருவோம். ஆஸ்திரேலியாவின் டீன் ஹெர்பர்ட் 2007-இல் வெளியிட்டது, இன்றுவரை இலவசம். அதன் நான்கு முறைகளில் ஒன்று டைகோ பாணியிலேயே இருக்கிறது. விசைப்பலகையின் நான்கு விசைகள் போதும், உள்ளே இரண்டு டோன், வெளியே இரண்டு கா. பாட்டுகளுக்கு அடி அமைப்பதே ஆடுகிறவர்கள்தான், நீங்களும் உங்களுக்குப் பிடித்த பாட்டை ஏற்றி நீங்களே அமைக்கலாம். தமிழ்ப் பாட்டுக்கு டோன்-கா அடிக்க வேண்டும் என்றால் இதுதான் சுலபமான வழி. குறை என்னவென்றால் இது தனி ஆளின் ஆட்டம். மேசையில் ஒருவன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான், வீடு அவனை மறந்துவிடும். அமைப்புகளின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும்.

டைகோவை விட்டு வேறு போகலாமா என்றால், 2023-இல் வந்த ‘தியேட்ரிதம் ஃபைனல் பார் லைன்’ பெட்டிக்குள்ளேயே 385 பாட்டு கொடுக்கிறது, சந்தாத் தொல்லை இல்லை. ஆனால் அவை ஃபைனல் ஃபேன்டஸி ஆட்டங்களின் இசை, அந்த ஆட்டங்கள் மேல் பாசம் இல்லாதவர்களுக்கு அது யார் வீட்டுக் கல்யாணமோ.

கடைசியாக வாங்குகிற விஷயம். ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் (கேம் பதிந்த சின்ன அட்டை) பெரும்பாலும் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். ஆனால் கூடுதல் பாட்டும் மியூசிக் பாஸும் அந்தக் கார்ட்ரிட்ஜின் பிராந்தியத்துக்குப் பொருந்துகிற கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். சித்தப்பா கடையில் நிற்கும்போதே பெட்டியின் முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி, பிராந்தியத்தைப் பார்த்த பிறகு பணம் கட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ‘ரிதம் ஃபெஸ்டிவல்’ 2024 நவம்பரில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமிலும் பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸிலும் வந்துவிட்டது. வீட்டில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் யாருடைய பெட்டிக்கும் காத்திருக்க வேண்டாம், ஸ்டீமில் ரூபாயிலேயே கட்டலாம். தள்ளுபடி நாட்கள் வரும்வரை விருப்பப் பட்டியலில் போட்டு வையுங்கள். அதுவரை பிள்ளைகள் ஒசுவில் தட்டிக்கொண்டிருக்கட்டும்.