ஷார்ஜா அல் மஹத்தா மியூசியம்: பிள்ளைகள் சபரில் (வெளிநாட்டில்) இருப்பவர்கள் அவசியம் பாருங்கள்

கீழக்கரையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ ஷார்ஜாவிலோ இருப்பார். விசிட் விசாவில் போய்வருகிற வாப்பா, உம்மாக்கள் மால், தங்கக் கடை, புர்ஜ் கலீபா என்று சொல்வார்களே தவிர இந்த இடத்தைப் பற்றி யாரும் சொன்னதில்லை, நானும் போன மாதம் மகன் வீட்டில் இருந்தபோதுதான் பார்த்தேன்.

இது ஷார்ஜாவின் பழைய விமான நிலையம். லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்த இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி விமானங்களுக்குப் பாரசீகக் (ஈரான்) கரை வழி இல்லாமல் போனதால், 1932ல் அரபுக் கரைக்கு மாறினார்கள். ஷார்ஜா ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி இடம் கொடுத்தார், அக்டோபரில் முதல் விமானம் மணலில் வந்து இறங்கியது. பயணிகள் ராத்தங்க கோட்டை மாதிரி ஒரு கட்டடம் எழுப்பினார்கள், அதுதான் இப்போது மியூசியம். இலங்கைக்குக் கப்பல் ஏற போட் மெயில் ரயிலில் வந்தவர்களுக்கு நம் தனுஷ்கோடி எப்படியோ, விமானத்தில் போனவர்களுக்கு இந்த ஊர் அப்படி.

உள்ளே ஆவ்ரோ ஆன்சன், டிசி-3, டவ், ஹெரான் என்று பழைய விமானங்கள் நிற்கின்றன. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளத்தை வேலிக்கு வெளியே நின்றே பார்த்துப் பழகிய எனக்கு, இவ்வளவு கிட்டத்தில் நின்று இறக்கையை அண்ணாந்து பார்த்தது பெரிய சந்தோஷம்.

ஒரு விஷயம் மட்டும் மனதை அழுத்தியது. நீதிக்கட்சித் தலைவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம் லண்டனில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பொறுப்பேற்கப் போனபோது, 1940 மார்ச் 1 அன்று, அவர் ஏறிய ஹானிபல் விமானம் ஷார்ஜாவுக்கு வரும் வழியில் ஓமன் வளைகுடாவில் மறைந்துபோனது. எட்டுப் பேர், ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு எப்படி இருக்கும் என்று நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த விமானம் வந்து சேர வேண்டிய இடத்தில் நின்றுதான் மகனுக்கு இதைச் சொன்னேன், அவன் வெகுநேரம் பேசவில்லை.

1977ல் புது விமான நிலையம் வந்ததும் இதை மூடிவிட்டார்கள். ஓடுதளம்தான் இன்றைய கிங் அப்துல் அஜீஸ் தெரு. மகன் தினமும் வேலைக்குப் போகிற வழி அது, அவனுக்கே தெரிந்திருக்கவில்லை!

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்கு நடுவில்தான் இருக்கிறது, டாக்ஸியில் போய்விடலாம். பார்த்து முடித்ததும் சாயங்காலமாக அந்தத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.