பீட்ரூட் பிடுங்க நாள் கணக்கா, விரல் கணக்கா?

விதைப் பாக்கெட்டின் முதுகில் 55–65 நாள் என்று போட்டிருக்கும். காலண்டரில் வட்டம் போட்டு, அன்றைக்கே பாத்தி முழுக்கப் பிடுங்கினால் நாலு கிழங்கு உருண்டையாக வரும், மீதியெல்லாம் எலிவால். காரணம் எளிது. நாம் ஊன்றுவது ஒற்றை விதையல்ல, இரண்டு மூன்று விதை ஒட்டிய கொத்து. ஒரு குழியில் மூன்று நாற்று முளைக்கும். விரல் நீளம் வந்ததும் திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி கொடுக்காவிட்டால், 80 நாளானாலும் கிழங்கு திரளாது.

பருவமும் நாளை மாற்றும். ஐப்பசியில் ஊன்றினால் மார்கழிக் குளிரில் நிறம் ஏறி, கிழங்கு இனிக்கும். ஊட்டி மாதிரிக் குளிரில் இன்னும் சில நாள் கூடும். பங்குனி, சித்திரையில் கோவை, ஈரோட்டுச் சமவெளியில் போட்டால் நறுக்கும்போது வெள்ளை வளையம் தெரியும். அதற்குக் காத்திருந்து பயனில்லை, வெயிலின் வேலை அது. ஆக, நாள் கணக்கு எப்போது பார்க்கத் தொடங்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். ஐம்பதாவது நாளில் பாத்திக்குப் போங்கள்.

போனதும் விரல்தான் அளவுகோல். பீட்ரூட் தானாகவே தோளை, அதாவது கிழங்கின் மேற்பகுதியை, மண்ணுக்கு மேலே தூக்கும். மண் அணைத்திருந்தால் விலக்கிவிட்டு, தோளின் குறுக்கே விரல்களைச் சேர்த்து வையுங்கள். இரண்டு விரல் அகலம் என்றால் இன்னும் விட்டுவைக்கலாம். மூன்று விரல், அதாவது சுமார் 5 செ.மீ., பொரியலுக்கு உகந்த பக்குவம். நாலு விரல் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் நார் ஓடும். குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விட்டாலும் சக்கைதான்.

இலையைப் பார்த்துச் சொல்வோரும் உண்டு. மஞ்சளுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் தாள் காய்வது அறிகுறி. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான். பீட்ரூட் இலை பழுத்தால் தண்ணீரோ சத்தோ குறைகிறது என்றுதான் பொருள்.

அடுத்த கேள்வி: ஒரேயடியாகவா, பொறுக்கியா? பாத்தியில் அடுத்த பயிர் வைக்க அவசரம் என்றால் ஒரேயடியாக எடுக்கலாம். வீட்டுச் சமையலுக்குப் பொறுக்கி எடுப்பதே லாபம். ஐந்து நாளுக்கு ஒருமுறை பெரியதை மட்டும் எடுத்தால், பக்கத்துக் கிழங்கு அந்த இடத்தில் பருக்கும். ஆனால் காய்ந்து கிடந்த பாத்தியில் திடீரென்று மழை ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். மேகம் கூடுகிறதென்றால் மூன்று விரல் வந்ததையெல்லாம் அன்றே எடுத்துவிடுங்கள்.

இறுகிய செம்மண்ணில் முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் விட்டு, தோளைப் பிடித்துத் தூக்குங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். தழையை 3 செ.மீ. காம்பு விட்டுத் திருகி எடுக்க வேண்டும். கிழங்கை ஒட்டிக் கத்தி வைத்தால் வேகும்போது சாயம் பாதி தண்ணீரில் போய்விடும். வால் வேரையும் அப்படியே விடுங்கள். மண்ணைக் கழுவாமல் உதறி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் கெட்டியாக இருக்கும். தழை தனியாகக் கீரைப் பொரியலுக்கு, அன்றைக்கே.

முதல் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுத்த, தக்கை மாதிரியான புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் போரான் என்ற நுண்சத்தின் குறை. மீதியை விட்டுவைத்தாலும் தேறாது.