மூன்றாம் சோற்றின் கணக்கு: எடை குறைப்போருக்கு எந்தத் தயிர்?

எடையைக் குறைக்க முனைவோர் பலர் முதல் வாரத்திலேயே தயிரை விலக்கிவிடுகிறார்கள். கொழுப்பு என்று ஒருவர் அஞ்சுகிறார். இரவில் ஆகாது என்று மற்றொருவர் ஒதுக்குகிறார். அதே தெருவில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞரோ 'கிரீக் யோகர்ட்' (நீரை வடித்துக் கெட்டியாக்கிய கிரேக்கத் தயிர்) என்று அச்சிட்ட சிறு டப்பாவை மருந்துபோல வேளை தவறாமல் உண்கிறார். பாலை உறையவைத்த ஒரே பண்டத்தை ஒருவர் பகையாகவும் மற்றவர் துணையாகவும் கொள்வதற்குக் காரணம், தயிர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதுதான். எந்தப் பாலின் தயிர், எவ்வளவு, எந்த உணவுக்குப் பதிலாக என்று கேட்டால் விடை வேறாகிறது.

தயிருக்கு ஆதரவாக இரண்டு ஆய்வுகள் அடிக்கடி சுட்டப்படுகின்றன. 2005-இல் அமெரிக்காவில், உடற்பருமன் உள்ள 34 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவினருக்கும் அன்றாட உணவில் 500 கலோரியைக் குறைத்து 12 வாரம் கண்காணித்தார்கள். கொழுப்பு நீக்கிய தயிரை உண்ட குழுவினர் சராசரியாக 4.4 கிலோ கொழுப்பையும் மற்றவர்கள் 2.8 கிலோ கொழுப்பையும் இழந்தார்கள். ஆள்தொகை சிறியது, ஆய்வுக்குப் பணம் தந்ததும் தயிர் விற்கும் ஒரு பெருநிறுவனம். மேலும் இரு குழுவுமே பட்டினிக்கு அருகில் இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டில்தான் இருந்தன என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. 2011-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1,20,877 பேரின் உணவுப் பழக்கத்தை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தபோது, தயிரை நாளுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொண்டவர்களின் எடை நான்கு ஆண்டு இடைவெளியில் 0.37 கிலோ குறைந்திருந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸை அவ்வாறு கூட்டிக்கொண்டவர்களின் எடை 0.77 கிலோ ஏறியிருந்தது. நான்கு ஆண்டில் 370 கிராம் என்பது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஏறி மறுநாள் இறங்கும் அளவுதான். ஆகவே தயிர் தானாகவே எடையைக் கரைக்கும் என்று கொள்ள இடமில்லை. அது எடையைக் கூட்டும் பண்டமும் அன்று என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

இந்த ஆய்வுகளை நம் வீட்டுக்கு அப்படியே பொருத்துவதில் இன்னொரு இடர் உண்டு. அமெரிக்கர் தயிரைக் காலை உணவாகவோ சிற்றுண்டிக்குப் பதிலாகவோ தனியே உண்கிறார். நம் இலையில் சாம்பார்ச் சோறும் ரசச் சோறும் முடிந்த பிறகு, 'கொஞ்சம் மோருக்குப் போடு' என்ற சொல்லோடு மூன்றாம் முறை சோறு விழுகிறது. அங்கே தயிர் வேறொரு உணவை விலக்குகிறது. இங்கே அது இன்னொரு கரண்டிச் சோற்றை அழைத்து வருகிறது. எடைக் கணக்கில் தயிரின் மேல் விழும் பழியில் பெரும்பங்கு இந்தச் சோற்றுக்கு உரியது.

என் இரவுத் தட்டை ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். வெந்த சோறு 280 கிராம், தயிர் 120 கிராம், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி. சோற்றில் ஏறத்தாழ 364 கலோரி, தயிரில் 72, எண்ணெயில் 45. மொத்தம் 480-க்குச் சற்று மேல். தயிரின் பங்கு ஆறில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் சோற்றை 140 கிராமாகப் பாதியாக்கி, தயிரை 240 கிராமாக இரட்டித்தேன். தட்டின் எடை கிட்டத்தட்ட அதேதான், புரதமும் இரண்டிலும் 11 கிராம் அளவில்தான். கலோரி மட்டும் 371-ஆக இறங்கியது. வெள்ளரிக்காயைத் துருவிச் சேர்த்தால் தட்டு இன்னும் நிறையும். ஊறுகாயும் எண்ணெயில் பொரித்த மோர் மிளகாயும் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவற்றைத் தொட்டுக்கொள்ளாமல் தயிர்ச்சோறு இறங்காது என்பவர்கள் அவற்றையும் எழுதிக்கொள்வது நேர்மை.

இனி எந்தப் பாலின் தயிர் என்பது. நீல நிற ஆவின் பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 விழுக்காடு. ஆரஞ்சு நிறத்தில் வரும் நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடு. இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 விழுக்காடுதான். உறையவைப்பதால் கொழுப்பு குறைவதில்லை. பாலில் இருப்பது அப்படியே தயிரில் இருக்கும். 200 கிராம் கிண்ணம் ஒன்றுக்குக் கணக்கிட்டால், இருமுறை சமன்படுத்திய பாலின் தயிரில் சுமார் 95 கலோரி, சமன்படுத்தியதில் 115, நிறைகொழுப்பில் 175. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள 20 கலோரிக்காக வாய்க்கு ருசியில்லாத நீர்த்த தயிரை உண்டு, அரை மணி நேரத்தில் முறுக்கு டப்பாவைத் திறப்பதில் பொருளில்லை. நிறைகொழுப்பிலிருந்து நீலத்துக்கு இறங்குவது மட்டும் பொருட்படுத்தத்தக்க மாற்றம். எருமைப்பால் வாங்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். கெட்டியாகக் கத்தியால் வெட்டலாம் போலிருக்கும் அந்தத் தயிரின் கொழுப்பு நிறைகொழுப்புப் பாக்கெட்டை ஒத்தது. காய்ச்சிய பாலை ஆறவைத்து ஏட்டை எடுத்துவிட்டு உறை ஊற்றுவது பழைய வழி, இன்றும் நல்ல வழி. எடுத்த ஏட்டைச் சர்க்கரை தூவி உண்ணாமல் இருந்தால் போதும்.

கிரேக்கத் தயிரின் பெருமை அதன் புரதத்தில் இருக்கிறது. கொழுப்பும் இனிப்பும் இல்லாத கிரேக்கத் தயிரில் 100 கிராமுக்கு 59 கலோரியும் 10 கிராம் புரதமும் உள்ளன. வீட்டுத் தயிரில் அதே கலோரிக்கு 3 கிராம் புரதம்தான். புரதம் பசியைத் தள்ளிப்போடுவதாலும், எடை குறையும்போது தசை கரைவதைத் தடுக்க உதவுவதாலும், முட்டையும் மீனும் உண்ணாதவர்களுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. விலை வீட்டுத் தயிரைப்போலப் பல மடங்கு என்பதால், மெல்லிய துணியில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று பலர் அறிவுரை கூறுகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் மறைந்திருக்கிறது. நீலப் பாக்கெட் பாலில் உறைந்த அரை கிலோ தயிரைத் துணியில் கட்டி 200 கிராமாக வடித்தால், வெளியேறுவது தண்ணீரும் பால்சர்க்கரையும் கொஞ்சம் புரதமும்தான். கொழுப்பு துணிக்குள்ளேயே தங்கிவிடும். கையில் மிஞ்சும் கட்டித் தயிரில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம் அளவுக்கு உயர, கொழுப்பும் அதே அளவுக்கு உயர்ந்து, கலோரி 110-ஐ எட்டும். டப்பாவின் மேலிருக்கும் எண்களை நினைத்துக்கொண்டு இதை உண்பவர் ஏமாறுவார். இருமுறை சமன்படுத்திய பாலுக்கு உண்மையான பயன் இங்கேதான்: வடித்த பிறகு அது கெட்டியாகவும் இருக்கும், கொழுப்பும் பாதியாகும். வடிந்த நீரைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையலாம்.

மோர் இவை எல்லாவற்றிலும் வேறு வகை. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்த நீர்மோர் 200 மி.லி. குவளையில் 30 கலோரிதான் இருக்கும். புரதம் ஒன்றரை கிராம் மட்டுமே என்பதால் உணவாக அதை எண்ணக்கூடாது; அது குடிபானங்களோடு ஒப்பிட வேண்டியது. மாலையில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போட்ட காப்பி, குளிர்பானம், பழச்சாறு ஆகியவற்றின் இடத்தில் நின்றால் மோரை வெல்ல எதுவும் இல்லை. உப்பைக் கைநிறையப் போடுவோரும், இரத்த அழுத்தம் உள்ளோரும் மட்டும் கவனிக்க வேண்டும்.

பழச்சுவைத் தயிரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சாதாரணத் தயிரிலேயே 100 கிராமுக்கு 4 அல்லது 5 கிராம் பால்சர்க்கரை இயல்பாக இருக்கும். டப்பாவின் பின்புறம் சர்க்கரை 13 கிராம் என்று அச்சாகியிருந்தால், 8 கிராமோ அதற்கு மேலோ வெளியிலிருந்து கொட்டியது. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று தனி வரியே இருக்கும், படத்திலுள்ள ஸ்ட்ராபெரியைவிட அது முக்கியம். கடை லஸ்ஸியும் இதே பந்தியில்தான் அமர்கிறது. கிரேக்கத் தயிர் என்ற பெயரில் விற்பவற்றிலும் சில இவ்வகைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் பாலும் தயிரும் சேர்ந்து 300 மி.லி. என்று வகுக்கிறது. காலையும் மாலையும் காப்பிக்குப் போகும் பாலும் இந்த அளவுக்குள்தான் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். இரவில் 240 கிராம் தயிர் உண்ணும் என் புதிய தட்டுக்கு மிஞ்சுவது 60 மி.லி. பால், அதாவது காலைக் காப்பி ஒன்று. மாலைக் காப்பியின் இடத்துக்கு நீர்மோர் வந்து மூன்று வாரமாகிறது. நாலரை மணிக்கு வீட்டில் மற்றவர்களுக்காக டிகாக்‌ஷன் இறங்கும்போது மட்டும் சற்றுக் கடினமாக இருக்கிறது.