மரமா, கரும்புச் சக்கையா, பழைய தாளா: எந்தக் கூழ் எந்தத் தாளுக்கு?

ஒரு டன் வெளுத்த கூழ் எடுக்க, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் 2 டன்னுக்குச் சற்று மேல் மரம் வேண்டும். சர்க்கரை ஆலையிலிருந்து ஈரத்தோடு வரும் கரும்புச் சக்கை என்றால் கிட்டத்தட்ட 6 டன். பழைய அலுவலகத் தாள் என்றால் ஒன்றரை டன்னுக்குள் முடிந்துவிடும். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய தாள்தான் சிறந்தது என்று தோன்றும். பலர் அப்படித்தான் எழுதவும் செய்கிறார்கள். ஆனால் கூழின் தரத்தைத் தீர்மானிப்பது எடை அல்ல. அந்த நார் எவ்வளவு நீளம், தண்ணீரில் எவ்வளவு ஊறும், அதோடு என்னென்ன அழுக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பவைதான்.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலையை எடுத்துக்கொண்டால் இந்த ஒப்பீடு எளிதாகிறது. 1979-ல் தொடங்கி 1984-ல் உற்பத்திக்கு வந்த இந்த ஆலை சக்கையை நம்பி உருவானது. இன்று சக்கைக் கூழ், மரக்கூழ், மை நீக்கிய பழைய தாள் கூழ் மூன்றுக்கும் அங்கே இடம் உண்டு. மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒன்றின் குறையை இன்னொன்று ஈடு செய்கிறது.

மரம்

நம் பக்கத்து மரங்கள் சவுக்கு, தைலமரம், சூபாபுல். பட்டை உரித்துத்தான் ஆலைக்குள் வர வேண்டும். தப்பி வந்த பட்டைத் துணுக்கு வெளுப்பிலும் முழுதாகக் கரையாமல் தாளில் கரும்புள்ளியாக நின்றுவிடும். மரத்தைச் சில்லாக்கும் சிப்பரில் வெட்டும்போது சில்லின் நீளத்தைவிடத் தடிமனில்தான் கண் இருக்க வேண்டும். காரக் கரைசல் சில்லின் மிகக் குறுகிய பக்கத்தின் வழியாகவே நடுப்பகுதியை எட்டுகிறது. 4 முதல் 8 மி.மீ. தடிமன் நல்லது. அதைத் தாண்டிய சில்லுகளின் நடு வேகாமல் கட்டியாக நிற்கும். பொடியோ அதிகமாக வெந்து நாரை இழக்கும். டைஜஸ்டரில், அதாவது சில்லுகளை வேகவைக்கும் கலனில், கரைசல் சுற்றிவரும் சல்லடையையும் அடைக்கும்.

கிராஃப்ட் முறையில் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் 160 முதல் 170 டிகிரியில் சில்லுகளை வேகவைக்கிறார்கள். நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைச் சல்ஃபைடு விரைவாக உடைக்கிறது. அதனால் வேகும் நேரம் குறைந்து, நாரின் முக்கியப் பொருளான செல்லுலோஸ் அதிகம் அடிபடாமல் தப்புகிறது. சூடு 10 டிகிரி கூடினாலே வினையின் வேகம் இரு மடங்கைத் தாண்டும். அதனால்தான் நேரத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாகப் பார்க்காமல், இரண்டையும் சேர்த்த எச்-ஃபேக்டர் என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு நிறுத்துகிறார்கள். கூழில் மிச்சமிருக்கும் லிக்னினைக் காட்டும் கப்பா எண் இந்த மரங்களுக்கு 16 முதல் 20-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போகும்வரை டைஜஸ்டரிலேயே வேகவைத்தால் நார் வலுவிழக்கும், விளைச்சலும் குறையும். மிச்ச லிக்னினை ஆக்சிஜனிடமும் குளோரின் டை ஆக்சைடிடமும் விடுவதே சரி.

கிராஃப்ட் முறையின் பெரிய பலம் பலர் கண்ணில் படுவதில்லை. மரத்தின் எடையில் பாதிக்கு மேல் கருப்புத் திரவமாகக் கரைந்து போகிறது. அந்தத் திரவத்தை ஆவியாக்கிக் கெட்டியாக்கி, திடப்பொருள் 65 சதவீதத்தைத் தாண்டியதும் ரெக்கவரி பாய்லரில் எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவி தருகிறது. அடியில் உருகித் தேங்கும் உப்பைக் கரைத்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் பழைய காரக் கரைசல் திரும்பக் கிடைக்கிறது. ஒழுங்காக ஓடும் ஆலையில் ரசாயனத்தில் 95 சதவீதம் மீள்கிறது.

சக்கை

சக்கையின் சிக்கல் டைஜஸ்டருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சக்கையில் ஏறத்தாழ 30 சதவீதம் பித், அதாவது பஞ்சு போன்ற உள்சோறு. அதில் நாரே கிடையாது. காஸ்டிக்கை மட்டும் குடிக்கும், காகித மெஷினில் தண்ணீர் வடிவதை மந்தமாக்கும். சர்க்கரை ஆலையிலேயே ஒருமுறை, கூழ் ஆலையில் தண்ணீரோடு இன்னொரு முறை என இரண்டு கட்டமாகப் பித்தைப் பிரிப்பதுதான் நல்ல வழக்கம். பிரித்த பித் பாய்லருக்குப் போகலாம்.

அடுத்தது சேமிப்பு. அரவைப் பருவம் சில மாதம்தான். காகித ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். சக்கையை அப்படியே குவித்தால் மிச்சச் சர்க்கரை புளித்து உள்ளே சூடேறும், நிறம் பழுப்பாகும், தீயும் பிடிக்கும். அதனால் தண்ணீர் பாய்ச்சி ஈரக் குவியலாகவே வைக்கிறார்கள். சர்க்கரை ஆலைகளுக்கோ சக்கை என்பது எரிபொருள். சும்மா தர மாட்டார்கள். பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்கும் ஏற்பாட்டை டிஎன்பிஎல் நடைமுறைப்படுத்தியது. தொழில்நுட்பத்துக்கு இணையாக இந்த ஏற்பாடும் அந்த ஆலையை நிலைநிறுத்தியது என்பது என் உறுதியான எண்ணம்.

வேகவைப்பது எளிது. சக்கை தளர்வான பொருள், லிக்னினும் குறைவு. மரத்துக்கு மணிக்கணக்கு ஆகும்போது, திருகு வைத்த தொடர் குழாய் டைஜஸ்டரில் இது கால் மணி நேர அளவில் வெந்துவிடும். சல்ஃபைடு தேவையில்லை; காஸ்டிக் மட்டும் போதும் என்பதால் மரக்கூழ் ஆலையின் அழுகல் நாற்றமும் இங்கே இல்லை.

ஆனால் சிலிக்கா இருக்கிறது. கரும்பிலிருந்தும் அதோடு வந்த மண்ணிலிருந்தும் அது காரத்தில் கரைந்து கருப்புத் திரவத்தோடு போகிறது. ஆவியாக்கும் குழாய்களில் கண்ணாடி போல் படிகிறது. சுண்ணாம்புச் சேற்றில் சேர்ந்துகொண்டு, அதைச் சூளையில் சுட்டு மறுபடி சுண்ணாம்பாக்கும் வேலையையும் கெடுக்கிறது. சக்கையின் கருப்புத் திரவம் கெட்டியாகும்போது மரத்தினுடையதைவிட அதிகம் பிசுபிசுப்பதால் எரிப்பதும் கடினம். மரத்தின் திரவத்தோடு கலந்து எரித்தால் இந்தத் தொல்லைகள் மட்டுப்படும். சக்கையை மட்டுமே நம்பும் சிறிய ஆலைகள் ரெக்கவரியில் தடுமாறுவதற்கு இதுவே முதல் காரணம்.

பழைய தாள்

இதை ஒரே பொருளாகப் பேசுவது தவறு. பழுப்பு அட்டைப் பெட்டியை மறுபடி பழுப்பு அட்டையாக்குவதும், அச்சிட்ட வெள்ளைத் தாளை மறுபடி வெள்ளைத் தாளாக்குவதும் வெவ்வேறு தொழில்கள்.

முதலாவது லாபமானது, நியாயமானது. ஹைட்ராபல்பர் என்ற சுழல் தொட்டியில் 4 முதல் 5 சதவீத அடர்த்தியில் பெட்டிகளைக் கரைத்து, கம்பியையும் பிளாஸ்டிக் கயிற்றையும் ராகர் என்ற இழுவைக் கருவியால் முறுக்கி வெளியே இழுத்து, மணலையும் ஸ்டேபிள் பின்னையும் கிளீனரில் இறக்கி, 0.2 மி.மீ. அளவு கீறல் வைத்த சல்லடை வழியாகக் கடத்தினால் கூழ் தயார். கடினமான எதிரி ஸ்டிக்கீஸ், அதாவது டேப்பின் பசையும் சூட்டில் உருகும் ஒட்டும். பல்பரில் தண்ணீர் சூடாக இருந்தால் பசை இளகித் துகளாகி எல்லாச் சல்லடையையும் தாண்டிவிடும். பிறகு மெஷினின் ஃபெல்ட் துணியிலும், தாளைக் காயவைக்கும் டிரையரிலும் ஒட்டித் தாளை அறுக்கும். அதனால் கரைக்கும் கட்டத்தில் சூட்டைத் தணித்து, பசை பெரிய துண்டாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். தண்ணீரை அதிகம் மறுசுழற்சி செய்யும் ஆலையில், பெட்டியிலிருந்த ஸ்டார்ச்சைக் கிருமிகள் அமிலமாக்கும். சில கிராஃப்ட் (பழுப்புத் தாள்) ரீல்களில் வரும் புளித்த வாடை அங்கிருந்துதான்.

வலுவின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை டிரையரில் காயும்போதும் நாரின் சுவர் இறுகுகிறது. அடுத்த முறை தண்ணீரில் பழையபடி ஊறுவதில்லை, பக்கத்து நாரோடு பிணைவதும் குறைகிறது. நாரை நசுக்கிப் பிணைப்பைக் கூட்டும் ரிஃபைனரில் கூடுதலாக அடித்து ஈடு செய்யலாம் என்றால், நார் பொடியாகி மெஷினின் வயர் வலையில் தண்ணீர் வடிவது தாமதமாகும், மெஷின் வேகம் குறையும். உள்ளூர்ப் பெட்டி பல சுற்று பார்த்த நார். நீளமான பைன் நார் உள்ள அமெரிக்கப் பழைய பெட்டியை இறக்குமதி செய்து கலப்பது இதனால்தான். தாளின் வெடிப்பு வலுவை பி.எஃப். (பர்ஸ்ட் ஃபேக்டர்) என்ற எண்ணால் சொல்வார்கள்; 16, 18 பி.எஃப். தாளுக்கு உள்ளூர் நாரும், தாளின் மேற்பரப்பில் பூசும் சைஸ் பிரஸ்ஸில் ஸ்டார்ச்சும் போதும். 28 பி.எஃப். வேண்டுமென்றால் நீள நார் இல்லாமல் ஆகாது.

மை நீக்குவது வேறு கதை. 12 முதல் 18 சதவீத அடர்த்தியில் காஸ்டிக், சோடியம் சிலிகேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, சோப்பு சேர்த்துக் கரைக்க வேண்டும். பிறகு கூழை 1 சதவீதமாக நீர்த்து, காற்றுக் குமிழிகளில் மையை ஒட்டவைத்து நுரையாக வழிக்கிறார்கள். குமிழி நன்றாகப் பிடிப்பது சுமார் 10 முதல் 100 மைக்ரான் வரையுள்ள துகளைத்தான். தண்ணீரில் கரையும் ஃபிளெக்ஸோ மை அதைவிட மிக நுண்மையானது. மிதக்காமல் கூழ் முழுவதையும் சாம்பல் நிறமாக்கும். லேசர் பிரிண்டரின் டோனர் தகடு தகடாகப் பெரிதாக உரியும். 90 டிகிரி சூட்டில் டிஸ்பர்சரில் அரைத்துத்தான் சிறிதாக்க முடியும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த செய்தித்தாளின் மை இறுகிவிடும் என்பதால் பழைய இருப்பைக் குறைவாகக் கலப்பது நல்லது. பூச்சுத் தாள் அதிகம் வந்தால் நிரப்புப் பொருளின் பெரும்பகுதி சேறாக வெளியேறும். விளைச்சல் 65 சதவீதம் வரை இறங்கலாம். ரசாயனத்தைவிடத் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கும் கைகள்தான் இந்தக் கூழின் வெண்மையைத் தீர்மானிக்கின்றன.

மறுசுழற்சி ஆலை மரத்தையும் தண்ணீரையும் பெருமளவு மிச்சப்படுத்துகிறது. எரிபொருளில் அப்படி இல்லை. கருப்புத் திரவம் கிடையாது என்பதால் டிரையருக்கு வேண்டிய நீராவியை வெளியிலிருந்து வாங்கிய எரிபொருளில்தான் எழுப்ப வேண்டும்.

தேர்வு எப்படி? பெட்டி, அட்டை, முட்டைத் தட்டு ஆகியவற்றுக்குப் புது மரத்தை வெட்டுவதை ஏற்க முடியாது. பழைய பெட்டியே போதும். நோட்டுப் புத்தகத்துக்கும் நகல் தாளுக்கும் சக்கையும் மரமும் கலந்த கூழ் மிகப் பொருத்தம். சக்கை வழவழப்பும் விறைப்பும் தரும். ஆனால் கிழிவலு குறைவு, தாள் அடர்ந்துபோய்ப் பின்பக்க எழுத்து தெரியும். மரக்கூழ் பருமனையும் ஒளிபுகாமையையும் சேர்க்கும். மெஷினில் ஈரத்தாள் அறுந்துகொண்டே இருந்தால் 3 மி.மீ. நீளமுள்ள பைன் நார் சிறிதளவு கலக்கலாம். தைலமரக் கூழ் மட்டும் கொண்ட தாளை ஆஃப்செட்டில் ஓட்டும் அச்சகத்தார் கவனிக்க: அதன் அகன்ற வெசல் செல்கள் (மரத்தில் நீர் கடத்தும் குழாய்ச் செல்கள்) மையின் பசையில் பெயர்ந்து வந்து வெள்ளைப் புள்ளி விடும். மேற்பரப்பு ஸ்டார்ச்சைச் சரியாகக் கேட்டு வாங்குங்கள். தாளில் லிக்னின் நீங்காத அரைத்த மரக்கூழ் அல்லது பழைய செய்தித்தாள் கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த ஃபுளோரோகுளூசினால் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். லிக்னின் இருந்தால் அந்த இடம் செந்நீலமாக மாறும்.